கடலோர ஊரில் மிருத்யுஞ்ஜய ஹோமம்: முதல்முறை உட்காருபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கோயில் யாகசாலையில் நடக்கும் ஹோமத்தில் நமக்கு வேலை அதிகம் இல்லை. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று கும்பிட்டு, ரட்சை வாங்கி நெற்றியில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். யோகப் பயிற்சியின் பகுதியாக நடத்தும் ஹோமம் அப்படி இல்லை. குண்டத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் எல்லோரும் மந்திரம் சொல்ல வேண்டும், எல்லோரும் தங்கள் கையாலேயே ஆகுதி, அதாவது நெருப்பில் இடும் படையல், போட வேண்டும். தேவிபட்டினம், உச்சிப்புளி, மண்டபம், இராமேசுவரம் பக்கம் இப்படி உட்கார வரும் புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் பக்தி குறைவால் இல்லை. ஈரமான வரட்டி, தவறான திசையில் காற்று, பாதியில் மறந்துபோன மந்திரம், எரியும்போது தேடிப் போகும் நெய்க் கிண்ணம், இவைதான் காரணம்.

மந்திரம், கை, நெருப்பு மூன்றும் ஒரே நொடியில் சேருவதுதான் இந்த ஹோமம். 108 ஆகுதி போடும் நேரத்தில் வேறு எதைப் பற்றியும் யோசிக்கத் தேவையில்லாதபடி, மற்ற எல்லாவற்றையும் அதற்கு முன்னாலேயே முடித்துவிட வேண்டும். கீழே உள்ள வரிசை அதற்காகத்தான். மரணத்தை வெல்லும் சிவனை வேண்டிப் பத்துப் பேர் உட்காரும் மிருத்யுஞ்ஜய ஹோமத்தை வைத்து எழுதியிருக்கிறேன். காயத்ரி ஹோமத்துக்கும் ஏறக்குறைய இதே முறை பொருந்தும்.

1. முதலில் கேட்க வேண்டிய கேள்விகள்

நடத்துபவரிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். எந்த மந்திரம்? எத்தனை ஆகுதி? நான் நெய் விட வேண்டுமா, திரவியம் (எள், அரிசி போன்றவற்றின் கலவை) போட வேண்டுமா, ஜபம் மட்டும் செய்தால் போதுமா?

மந்திரத்தைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. மிருத்யுஞ்ஜய மந்திரத்தையே சிலர் முன்னும் பின்னும் பீஜாட்சரம் (ஓரசை மந்திர ஒலி) சேர்த்துச் சொல்வார்கள், சிலர் வெறும் ஓம் மட்டும் சேர்ப்பார்கள். நீங்கள் ஒரு வடிவத்தைப் பழகி, மற்றவர்கள் வேறொன்றைச் சொன்னால் முதல் சுற்றிலேயே தடுமாறிவிடும். உபதேசம் வாங்கியவர்கள் மட்டும்தான் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கும் மரபுகளும் உண்டு, அதையும் கேட்டுவிடுங்கள்.

ஆஸ்துமா, கர்ப்பம், கண் அறுவைச் சிகிச்சை முடிந்த சமயம், இவற்றில் எது இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். புகை படாத இடத்தில் தள்ளி உட்கார்ந்து ஜபம் செய்வதும் பங்கேற்பதுதான். வீட்டில் தீட்டு இருந்தால் என்ன செய்வது என்பதற்கு ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு பழக்கம், அதனால் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது இருவருக்கும் சங்கடம் இல்லாதது.

2. பத்து நாள் ஜபம்

ஹோமத்துக்கு முந்தைய பத்து நாளும் தினம் ஒரு மாலை, அதாவது 108 முறை, ஜபம் செய்யுங்கள். பத்து நாளில் 1,080 ஆகிவிடும். ஜபத்தில் பத்தில் ஒரு பங்கு ஹோமம் என்பது பழைய கணக்கு, அந்தப்படி 108 ஆகுதி சரியாக வரும். கணக்கு ஒருபுறம் இருக்க, இதில் நேரடியான ஒரு பயன் உண்டு: பத்து நாள் சொன்ன வாய், நெருப்பின் முன் தாளைத் தேடாது.

ஓம் த்ரயம்பகம் யஜாமஹே
ஸுகந்திம் புஷ்டிவர்த்தனம்
உர்வாருகமிவ பந்தனான்
ம்ருத்யோர் முக்ஷீய மாம்ருதாத்

ரிக் வேதத்தில் 7ஆம் மண்டலம், 59ஆம் சூக்தம், 12ஆம் மந்திரம் இது. கையில் கிடைக்கும் அச்சடித்த தாள்களில் பிழை நிறைய, சந்தேகம் வந்தால் இந்த எண்ணை வைத்து நல்ல பதிப்பில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ் எழுத்தில் படிப்பவர்களுக்கு ஒரு சிக்கல் எப்போதும் வரும். க, ச, ட, த, ப ஒவ்வொன்றிலும் சமஸ்கிருதத்தில் நான்கு ஒலி உண்டு, நம்மிடம் அந்த நான்குக்கும் ஒரே எழுத்து, அதனால் மந்திரப் புத்தகங்களில் எழுத்தின் மேல் 2, 3, 4 என்று சிறிய எண் போட்டிருப்பார்கள். அதைக் கவனிக்காமல் படித்தால் ‘பந்தனான்’ என்பதில் வரும் ப, ‘பழம்’ என்பதில் வரும் ப போல ஒலித்துவிடும். ‘பாக்கியம்’ என்று பேச்சில் சொல்லும்போது எப்படி அழுத்திச் சொல்கிறோமோ அந்த ப அது. தாளைவிட, நடத்துபவர் சொல்லச் சொல்லக் கேட்டு இரண்டு நாள் திருப்பிச் சொல்வதுதான் நல்ல வழி. கைபேசியில் அவர் குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள், மீதி எட்டு நாளும் அதோடு சேர்ந்து சொல்லலாம்.

மூச்சை எங்கே விடுவது என்பதையும் இந்தப் பத்து நாளில் முடிவு செய்துவிடுங்கள். நான்கு வரியில் இரண்டாவது வரி முடிவில் ஒரு சிறு மூச்சு, நான்காவது முடிவில், ஆகுதியை விடும்போது சொல்லும் ஸ்வாஹா. நடு வார்த்தையில் மூச்சு வாங்குபவர்கள்தான் பின்தங்கி, அவசரத்தில் கடைசி வரியை விழுங்குகிறார்கள்.

3. பொருட்கள்: வாங்குவது சுலபம், காயவைப்பதுதான் வேலை

பத்துப் பேருக்கு, 108 ஆகுதிக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு சிட்டிகை திரவியம் ஏறக்குறைய ஒரு கிராம். ஒருவருக்கு 108 கிராம், பத்துப் பேருக்கு ஒரு கிலோ சொச்சம், கை தவறிச் சிந்துவதற்கும் சேர்த்து ஒன்றேகால் கிலோ. நெய் ஒருவர் மட்டும் விடுவார். தடவைக்கு அரைத் தேக்கரண்டி என்றால் 270 மில்லி ஆகும். திரவியத்தில் பிசைய, சமித்தில் (நெருப்பில் வைக்கும் குச்சியில்) தடவ, கடைசி ஆகுதியான பூர்ணாகுதிக்கு எல்லாம் சேர்த்து முக்கால் லிட்டர் எடுத்து வையுங்கள்.

திரவியக் கலவையில் எள், பச்சரிசி, பார்லி, நாட்டுச் சர்க்கரை, கொஞ்சம் குங்கிலியம், வெட்டிவேர்த் தூள் போதும். மிருத்யுஞ்ஜய ஹோமத்துக்கென்று சேர்ப்பது சீந்தில் கொடியும் அறுகம்புல்லும். சீந்தில் இந்தப் பக்கம் வேலியிலேயே படர்ந்து கிடக்கும், தெரியாவிட்டால் நாட்டுமருந்துக் கடையில் கேளுங்கள். நான்கு விரல் நீளத்துக்கு வெட்டி, நிழலில் வாடவிட்டு, நெய்யில் தோய்த்துப் போட வேண்டும். அன்று காலையில் வெட்டிய பச்சைக் கொடியைப் போட்டால் நுரை தள்ளிப் புகைந்து நெருப்பையே அமுக்கிவிடும்.

சமித்துக்கு அரசு, ஆல், அத்தி, மா இவற்றில் கிடைப்பது. ஒரு சாண் நீளம், சுண்டுவிரல் பருமன், பட்டை உரியாதது, பூச்சி அரிக்காதது. கோயில் மரத்தை ஒடிக்க வேண்டாம், கீழே விழுந்து காய்ந்த குச்சியே வேண்டிய அளவு கிடைக்கும். சீமைக்கருவேலம் இராமநாதபுரம் மாவட்டம் முழுக்க இருக்கிறது, நன்றாகவும் எரியும், ஆனாலும் குண்டத்துக்குள் வேண்டாம். சமித்து என்று சொல்லப்படும் மரங்களில் அது கிடையாது, அடுப்போடு நிற்கட்டும்.

தேவிபட்டினத்தில் கடலுக்குள் நவக்கிரகங்களாக நிற்கும் நவபாஷாணக் கற்களைத் தரிசித்துவிட்டு வருபவர்கள் நவதானியப் பொட்டலத்தையும், எருக்கு, நாயுருவி, கருங்காலி, வன்னி என்று நவக்கிரகச் சமித்துக் கட்டையும் கொண்டுவந்து இதிலேயே போடலாமா என்று கேட்பார்கள். அவை நவக்கிரக ஹோமத்துக்கு உரியவை, ஒவ்வொரு கிரகத்துக்கும் தனி மந்திரத்தோடு போக வேண்டியவை. இங்கே கலக்காதீர்கள். பிரத்யங்கிரா ஹோமத்தில் பார்த்தோம் என்று முண்டு மிளகாய் கொண்டுவருபவர்களும் உண்டு. சுற்றி உட்கார்ந்து வாய்விட்டு மந்திரம் சொல்பவர்களின் தொண்டை என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

இனி காயவைப்பது. கடலோரத்தில் காற்றே ஈரம். கடையில் மொறுமொறுப்பாக வாங்கிய வரட்டி நான்கு நாள் திறந்து கிடந்தால் நமுத்துப்போகும். தீப்பெட்டி, சூடம், சமித்து எல்லாவற்றுக்கும் இதே கதி. ஹோமத்துக்கு முந்தைய இரண்டு நாளும் நடுப்பகல் வெயிலில் காயவைத்து, சூடு ஆறியதும் மாலைப் பனிக்கு முன்னால் முறுக்கு டின்னில் போட்டு இறுக மூடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துவிடும்.

வரட்டி காய்ந்ததா என்று பார்க்க, ஓரத்தைப் பிடித்து ஒடித்துப் பாருங்கள். காய்ந்தது ‘டப்’ என்று உடையும், உடைந்த இடத்தில் வைக்கோல் நார் மஞ்சளாகத் தெரியும், வாடை இருக்காது. நமுத்தது வளைந்து, நார் நாராகப் பிரியும், நடுவில் கருப்பாக இருக்கும், மூக்கருகே கொண்டுபோனால் சாண வாடை அடிக்கும். அப்படிப்பட்ட ஒன்று போதும், பத்துப் பேரையும் கண்ணைக் கசக்க வைக்க.

நெய்யில் ‘விளக்குக்கு’ என்று விற்கும் மலிவு ரகம் வேண்டாம். வேறு எண்ணெய் கலந்திருந்தால் கரும்புகை வரும். நல்ல நெய்யையும் முந்தைய நாள் உருக்கி, அடியில் நிற்கும் தண்ணீரை விட்டுவிட்டு மேலே உள்ளதை மட்டும் எடுங்கள். நெய்யில் ஈரம் இருந்தால் நெருப்பில் பட்டதும் சடசடவென்று தெறிக்கும்.

4. இடமும் காற்றும்

கடலைப் பார்த்தபடி மணலில் உட்கார்ந்து ஹோமம் செய்ய வேண்டும் என்று வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு ஆசை. புரிகிறது. ஆனாலும் திறந்த மணல்வெளி இதற்கு ஏற்ற இடம் இல்லை. காற்று சுவாலையைச் சாய்க்கும், பொறி பறக்கும், திரவியம் பக்கத்தில் இருப்பவர் கண்ணில் போய் விழும். அக்னி தீர்த்தக் கரையில் எந்நேரமும் கூட்டம், அங்கே நெருப்பு வைக்க இடம் தேடாதீர்கள். கரையிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு பக்கம் சுவர் உள்ள முற்றமோ மொட்டைமாடியோ போதும். அலைச் சத்தம் அங்கேயும் கேட்கும்.

விடியற்காலையில் ஆரம்பியுங்கள். அந்நேரம் காற்று அடங்கியிருக்கும். வெயில் ஏற ஏறத்தான் தரை சூடாகிக் கடற்காற்று கிளம்பும், பிற்பகலில் வலுக்கும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று பிடித்துவிட்டால் விடியற்காலையும் அடங்காது. அப்போது மூன்று பக்கம் சுவர் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. மாசி, பங்குனிக் காலைகள் இதற்கு நல்லவை.

காற்றை மறைக்கப் பனையோலைத் தட்டி, கிடுகு எதையும் குண்டத்துக்குப் பக்கத்தில் நிறுத்தாதீர்கள். ஒரு பொறி போதும். தகரமோ சுவரோதான் பாதுகாப்பு. நான்கு பக்கமும் அடைத்த அறைக்குள்ளும் செய்யாதீர்கள், புகையும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவும் தேங்கி மயக்கம் வரும்.

செம்புக் குண்டம் இல்லையென்றால் செங்கல் அடுக்கிச் செய்யலாம், உள்ளளவு ஒரு அடிக்கு ஒரு அடி. அடியில் காய்ந்த ஆற்று மணல் நான்கு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். கடல் மணலை ஈரத்தோடு அள்ளிப் போட்டால் உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். கரையில் கிடக்கும் பவளக்கல்லை அழகாக இருக்கிறதே என்று அடுக்கப் போகாதீர்கள். பவளப்பாறையை எடுப்பது சட்டப்படி குற்றம், சூட்டில் வெடிக்கவும் செய்யும்.

5. முந்தைய இரவும் அன்று காலையும்

இரவில் சீக்கிரம், கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். காலையில் வெறும் வயிறு நல்லது, முடியாதவர்கள் பால் குடிக்கலாம், சர்க்கரை நோயாளிகள் வழக்கப்படி சாப்பிட்டுவிட்டே வரலாம். வயிறு நிறைந்து சம்மணமிட்டு நெருப்பின் முன் உட்கார்ந்தால் இருபதாவது ஆகுதியிலேயே மூச்சு முட்டும்.

துணி பருத்தியாக இருக்க வேண்டும். வேட்டி, பருத்திப் புடவை, பருத்திச் சுடிதார் எதுவும் சரி. பாலியெஸ்டரில் பொறி விழுந்தால் உருகித் தோலோடு ஒட்டும். அங்கவஸ்திரத்தை இடுப்பில் இறுக்கிக் கட்டுங்கள், துப்பட்டாவையும் முந்தானையையும் செருகுங்கள், முடியை முடிந்துகொள்ளுங்கள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் போடுபவர்கள் அன்று மூக்குக் கண்ணாடிக்கு மாறிவிடுங்கள். மோதிரமும் உலோக வளையலும் சூடேறும், வலது கையில் இருந்தால் கழற்றிவிடுங்கள்.

இராமேசுவரத்தில் 22 தீர்த்தமும் ஆடிவிட்டு, ஈரத் துணியோடு ஓடிவந்து உட்காரலாம் என்று திட்டம் போடுபவர்கள் நிறையப் பேர். ஒரே காலையில் இரண்டையும் திணிக்காதீர்கள். தீர்த்தமாடல் வரிசையைப் பொறுத்து எவ்வளவு நேரமும் ஆகலாம், ஈரத் துணி உடம்பில் குளிர்ந்து நடுக்கத்தைக் கொடுக்கும், அமைதியாக உட்கார முடியாது. ஹோமத்தை ஒரு நாள், தீர்த்தத்தை மறுநாள் வைத்துக்கொண்டால் இரண்டையும் நிறைவாகச் செய்யலாம்.

6. உட்காரும் முறை

நடத்துபவர் கிழக்குப் பார்த்து உட்காருவார். கிழக்குக் காற்று வீசினால் புகை அவர் முகத்துக்கே வரும். அன்று வடக்குப் பார்த்து உட்காருவதும் முறைதான், தயங்காமல் மாறிக்கொள்ளலாம். காற்று போகும் பக்கத்தில் யாரையும் உட்கார வைக்காமல் அந்தப் பக்கத்தைத் திறந்து விடுங்கள். வட்டம் முழுதாக இல்லையே என்ற கவலை வேண்டாம்.

கையை நீட்டினால் விரல் நுனி குண்டத்தின் விளிம்புக்கு வர வேண்டும், முழங்காலில் சூடு சுடக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உங்கள் இடம். நெருப்பு இல்லாதபோது உட்கார்ந்து அளந்து பாருங்கள். வலது முழங்காலுக்குப் பக்கத்தில் திரவியக் கிண்ணம், இடது பக்கம் துடைக்கத் துணி. கிண்ணத்தை இடது பக்கம் வைத்தால் ஒவ்வொரு தடவையும் கை மடியைத் தாண்டிப் போகும், சிந்தும்.

பத்துப் பேருக்கு மேல் இருந்தால் இரண்டு வரிசை. முன்வரிசை ஆகுதி, பின்வரிசை ஜபம். 27 ஆனதும் மாறிக்கொள்ளலாம்.

ஒரு வாளி மணல், ஒரு வாளி தண்ணீர் கட்டாயம் வைத்திருங்கள். மணல் நெருப்புக்கு, தண்ணீர் சுட்டுக்கொண்ட கைக்கு. நெய் பற்றி எரியும்போது தண்ணீர் ஊற்றினால் கொதிக்கும் நெய் சிதறும், தீ பெரிதாகும். பக்கத்தில் உட்காருபவர்கள் எல்லோருக்கும் இதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

7. நெருப்புக்கு முன்

ஆசமனம், பிள்ளையார் வணக்கம், பிராணாயாமம், சங்கல்பம், கலச வணக்கம் என்று வரிசையாகப் போகும். இதில் புதியவர்கள் கவனிக்க வேண்டியது இரண்டுதான்.

பிராணாயாமத்தை ஒப்புக்கு மூக்கைத் தொட்டுவிட்டு முடிக்காதீர்கள். பொருள் சேர்த்து, துணி மாற்றி, இடம் பிடித்து வந்த பரபரப்பு இன்னும் உடம்பில் இருக்கும். நிதானமாக ஐந்தாறு சுற்று செய்தால் குரல் தாழும், பக்கத்தில் இருப்பவர் வேகத்தோடு உங்கள் வேகம் சேரும். யோகப் பயிற்சியில் இருப்பவர்களுக்கு இந்த ஹோமம் பிடித்துப்போவதே இதனால்தான் என்று நினைக்கிறேன். மூச்சு ஒழுங்கானால் மந்திரம் தானாக ஒழுங்காகிறது.

சங்கல்பத்தை முந்தைய நாளே மனதில் ஒரே வாக்கியமாக வைத்துக்கொள்ளுங்கள். யாருக்காக, எதற்காக என்பது போதும். உட்கார்ந்த பிறகு யோசித்தால் ஒன்றுக்கு ஒன்பது வேண்டுதல் வரும், ஒன்றிலும் மனம் நிற்காது.

8. நெருப்பு மூட்டுதல்

நடுவில் சிறு துண்டு வரட்டி இரண்டைக் கூரை போலச் சாய்த்து வையுங்கள். உள்ளே சூடமும், காய்ந்த பன்னாடை அல்லது தேங்காய் நாரும். மேலே மெல்லிய சமித்துகளைச் சதுரமாகக் குறுக்கும் நெடுக்கும் மூன்று அடுக்கு. காற்று வரும் பக்கம் ஒரு வாய் விடுங்கள். புதியவர்கள் செய்வது இதற்கு நேர்மாறு: முழு வரட்டியை இறுக்கி அடுக்கிவிட்டு, எரியவில்லை என்று சூடத்தைக் கொட்டிக்கொண்டே இருப்பார்கள். காற்றுப் புக வழியில்லாத அடுக்கு எவ்வளவு சூடம் போட்டாலும் புகையத்தான் செய்யும்.

மண்ணெண்ணெய், பெட்ரோல் எதுவும் கூடாது, அவசரத்துக்கும் கூடாது. வாயால் ஊதவும் கூடாது, முறைப்படியும் சரியில்லை, சாம்பலும் கண்ணில் விழும். பனையோலை விசிறியால் கீழ்ப்பக்கமாக மெதுவாக வீசுங்கள்.

பிறகு காத்திருங்கள். சுவாலை நேராக நின்று, புகை வெளுத்து மெலிந்த பிறகுதான் குண்டத்தைச் சுற்றி நீர் விட்டு, அக்னியை ஆவாகனம் செய்து, முதல் ஆகுதி. புகைந்துகொண்டிருக்கும் நெருப்பில் ஆகுதி போடக் கூடாது என்பது முறை. அதற்குக் காரணமும் எதிரிலேயே தெரியும்: சுவாலை இல்லாத இடத்தில் விழும் திரவியம் எரியாமல் குவிந்து, அடியில் உள்ள தணலையும் மூடிவிடும்.

9. ஆகுதி

வலது கையின் கட்டைவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றால் மட்டும் எடுங்கள். ஆள்காட்டி விரலும் சுண்டுவிரலும் விலகி நிற்கட்டும். மிருகி முத்திரை என்று இதற்குப் பெயர். உள்ளங்கை மேலே பார்க்க, விரல் நுனி நெருப்பைப் பார்க்க, கையைத் தாழ்த்தி விளிம்புவரை கொண்டுபோய், கட்டைவிரலால் முன்னால் தள்ளிவிடுங்கள். மேலிருந்து வீசவோ தூவவோ வேண்டாம். பாதி காற்றோடு போய்விடும், பொறியும் எழும்.

திரவியத்தில் நெய்யைப் புட்டு மாவுப் பதத்துக்குப் பிசைந்திருந்தால், பிடித்தால் பிடிபடும், தள்ளினால் உதிரும், காற்றில் பறக்காது. நெய் அதிகமானால் விரலில் ஒட்டிக்கொண்டு, அடுத்த மந்திரம் ஆரம்பித்த பிறகும் கையை உதறிக்கொண்டிருப்பீர்கள்.

எப்போது விடுவது? மந்திரம் ஆரம்பிக்கும்போது சிட்டிகை எடுத்து முழங்காலுக்கு மேல் கையைத் தயாராக வைத்திருங்கள். மூன்றாவது வரியில் கை நகர ஆரம்பிக்கட்டும். ‘ஸ்வாஹா’ என்று சொல்லி முடியும்போது திரவியம் விரலை விட்டுப் போக வேண்டும். முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. சில இடங்களில் ‘இதம் ந மம’ என்றும் சேர்த்துச் சொல்வார்கள். அதைச் சொல்லும்போது கை காலியாகத் திரும்பி வந்துகொண்டிருக்க வேண்டும், போட்டது நம்முடையது இல்லை என்று சொல்லிக்கொண்டே கையில் வைத்திருக்கக் கூடாது.

பத்துப் பேர் கையும் ஒன்றாகப் போய் ஒன்றாகத் திரும்பும்போது ‘ஸ்’ என்ற ஒலியில் நெருப்பு ஒரு கணம் உயர்ந்து தாழ்வதைப் பார்ப்பீர்கள். நாலைந்து ஆகுதிக்குள் இந்த ஒத்திசைவு வந்துவிடும், வந்த பிறகு மனம் அலைய இடமே இருக்காது. இதற்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும்.

எண்ணிக்கையை ஒருவர் மட்டும் மாலை வைத்து எண்ணட்டும். மந்திரத்துக்கு 15 விநாடி என்றாலும் 108 முடிய ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். நடுவில் வேகம் கூடிக்கொண்டே போவது எல்லாக் குழுவிலும் நடக்கிறது, குறிப்பாக அறுபதைத் தாண்டியதும். நடத்துபவர் குரலைத் தாழ்த்தினால் மற்றவர்கள் தானாக நிதானத்துக்கு வருவார்கள்.

10. நடுவில் வரும் சிக்கல்கள்

நெருப்பைப் பார்த்துக்கொள்ள ஒரே ஒருவர். ஒன்பது மந்திரத்துக்கு ஒருமுறை நெய் தடவிய சமித்து இரண்டு வைப்பது அவர் வேலை. ஆளாளுக்குக் குச்சியை நீட்டிக் கிளறினால் அடுக்கு சரிந்து நெருப்பு அணைந்துவிடும்.

சுவாலை தாழ்ந்தால் திரவியத்தை நிறுத்திவிட்டு, நெய் மட்டும் சில ஆகுதி போகட்டும், மற்றவர்கள் மந்திரம் சொல்லிக்கொண்டே இருக்கலாம். சுவாலை மேலே எழுந்தால் நெய்யை நிறுத்துங்கள், அரை நிமிடத்தில் தானாக அடங்கும். நெய்க் கிண்ணத்தைக் குண்டத்து விளிம்பில் ஒருபோதும் வைக்காதீர்கள். நெய்யை உருக்க வேண்டுமென்றால் ஒரு முழம் தள்ளி வைத்தாலே சூடு போதும்.

புகையில் கண் எரிந்தால் எழுந்து போங்கள். வெளியே போய் முகம் கழுவி, ஆறி, திரும்ப வந்து பின்வரிசையில் உட்கார்ந்து ஜபத்தைத் தொடரலாம். பாதியில் எழுந்தால் குற்றம் என்று பயந்து இருமிக்கொண்டே உட்கார்ந்திருப்பதால் யாருக்கும் பலன் இல்லை. கை பிசகி ஆகுதி வெளியே விழுந்தால் அதை எடுத்து மறுபடி போடாதீர்கள், விட்டுவிட்டு அடுத்ததைப் போடுங்கள். கூடியது குறைந்தது எல்லாவற்றுக்குமாகக் கடைசியில் ஸ்விஷ்டக்ருத் என்ற ஆகுதி இருக்கிறது.

11. பூர்ணாகுதி

கொப்பரைத் தேங்காயில் நெய் நிரப்பி, பட்டுத் துணியில் வெற்றிலை பாக்கோடு சுற்றிக் கட்டியதுதான் பூர்ணாகுதி. எல்லோரும் எழுந்து நிற்பார்கள், நெருக்கியடிப்பார்கள். இந்த ஹோமத்தில் தீக்காயத்துக்கு வாய்ப்பு அதிகமுள்ள நேரம் இதுதான். ஒருவர் மட்டும் இரண்டு கையாலும் மெதுவாக நடுவில் இறக்கட்டும், மற்றவர்கள் அவர் தோளையோ முன்னால் நிற்பவர் தோளையோ தொட்டுக்கொண்டால் போதும். உயரத்திலிருந்து போட்டால் நெய் தெறித்து சுவாலை ஆள் உயரம் எழும். நிழற்படம் எடுக்கக் குனிபவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். கட்டும் நூல் பருத்தியாக இருக்கட்டும், கடையில் கட்டித் தரும் பொட்டலத்தில் பிளாஸ்டிக் இழை, ஜரிகைத் தாள் இருக்கிறதா என்று அவிழ்த்துப் பாருங்கள்.

பிறகு தீபாராதனை. அது முடிந்ததும் உடனே பேச்சு ஆரம்பிக்காமல் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் உட்காருங்கள், பத்து நிமிடமாவது. அவரவர் யோகப் பயிற்சியில் செய்யும் தியானத்தை இங்கே செய்யலாம். சமையலுக்கு ஓடுபவர்கள் இழப்பது இந்த நேரத்தைத்தான், எனவே சாப்பாட்டு ஏற்பாட்டை உட்காராத ஒருவரிடம் விட்டுவிடுங்கள்.

12. முடிந்த பிறகு

நெருப்பைத் தண்ணீர் ஊற்றி அணைக்க வேண்டாம். தானாக ஆறட்டும். மேலே வெளுத்துவிட்டாலும் அடியில் தணல் மாலைவரை இருக்கும், அதுவரை ஒரு ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும், குழந்தைகளைக் கிட்டே விடக் கூடாது. ரட்சைக்கு விளிம்பில் ஆறிய கருஞ்சாம்பலைக் கொஞ்சம் எடுத்து நெய்யில் குழைத்துக்கொள்ளுங்கள்.

மீதிச் சாம்பலைக் கடலில் கரைக்க வேண்டும் என்று பலர் மூட்டையாகக் கட்டிக்கொண்டு கிளம்புவார்கள். நம் கரையோரம் மன்னார் வளைகுடாத் தேசியக் கடல் பூங்கா, 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளப்பாறையும் கடற்புல்லும். சாம்பலோடு துணி, பிளாஸ்டிக், பூக்கட்டிய நைலான் நூல் எல்லாம் சேர்ந்துதான் கடலுக்குப் போகின்றன. சம்பிரதாயத்துக்கு ஒரு சிட்டிகை போதும். மற்றதைச் சலித்து, தென்னைக்கும் பூச்செடிக்கும் பல இடமாகப் பிரித்துப் போடுங்கள். ஒரே செடியடியில் கொட்டாதீர்கள், சாம்பலும் காரம், இந்தப் பக்கத்து மண்ணும் பல இடங்களில் காரம்.

செம்புக் குண்டத்தை மறுநாள் புளி போட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்துப் பழைய வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். ஈரத்தோடு வைத்தால் உப்புக் காற்றில் சில நாளிலேயே களிம்பு ஏறிவிடும். மிஞ்சிய திரவியத்தில் நெய் பிசையாததை மட்டும் காயவைத்து டின்னில் போடலாம். நெய் பிசைந்தது சிக்கு வாடை அடித்துவிடும், அதை அன்றே தணலில் போட்டு முடித்துவிடுங்கள்.